வாடை

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டதைக் குணவதி சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். இப்போதெல்லாம் காதும் கண்ணும்தான். மூக்கு செத்துப்போய்ப் பல மாதமாகிறது. முன்பெல்லாம் பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் பூத்தால் தும்மல் வரும், கண் அரிக்கும், மழை பெய்து செடி அழுகியதும் சரியாகிவிடும். இந்த முறை தும்மல் போகவில்லை; போனதெல்லாம் வாசனைதான். கௌண்டம்பாளையத்தில் அந்தச் சந்து முழுவதும் அதே செடி, அதே வெள்ளைப் பூ. யாரும் பிடுங்குவதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் பால் பொங்கி, வழிந்து, கரிந்து, பாத்திரம் கறுத்துப் புகை கூடத்துக்கு வந்தபோதும் அவள் சமையலறைக்கு முதுகைக் காட்டிக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், துணி மடித்துக்கொண்டு. எதிர்வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டி, "ஏனுங்க, வீட்ல ஆள் இருக்கீங்ளா இல்லீங்ளா?" என்று கத்திய பிறகுதான் எழுந்தாள். அன்றிலிருந்து கேஸ் குமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. மூடியிருக்கிறதா, மூடியிருக்கிறது, கூடத்துக்குப் போனதும் மூடினோமா, திரும்ப வந்து தொட்டு, மூடியிருக்கிறது. கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தாலும் அவரால் சொல்ல முடியாது. இந்த இடத்தில் வந்து நினைப்பு நின்றுவிடும். அப்பாவுக்குத் தெரியும், சொல்ல முடியாது. தாண்டிப் போகாமல் அங்கேயே கிடந்து சுற்றும், சேலை முள்ளில் மாட்டிக்கொண்ட மாதிரி.

அலமாரியிலிருந்து சின்னச் சின்னப் பழுப்புக் குப்பிகளை எடுத்து மேடையில் வைத்தாள். பெப்பர்மின்ட், லாவண்டர், எலுமிச்சை, நீலகிரித் தைலம். எல்லாம் சுகுணா கொடுத்தது. ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் இருவரும் எதிரெதிரே நின்று வருஷக்கணக்காய்ச் சேலை விரித்தவர்கள். அப்பா படுக்கையில் விழுந்ததும் குணவதி வேலையை விட்டாள்; சுகுணா அதற்கு முன்பே விட்டுவிட்டு யோகா வகுப்பு, எண்ணெய் வைத்தியம் என்று போய்விட்டாள். "டாக்டர் குடுத்த ஸ்ப்ரேய அடிச்சு அடிச்சு மூக்குல ரத்தம்தான் வரும் குணா. இது இலையும் பூவும். இயற்கை. உடம்பு தானா ஏத்துக்கும்." டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணிவிட்டால் நல்லது, அதுவரைக்கும் ஸ்ப்ரேயை நிறுத்தக்கூடாது என்று. ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். நான் படுத்தால் அப்பாவை யார் பார்ப்பது. தம்பி பிரபாகரன் பெங்களூரிலிருந்து வருவானா, வந்தாலும் குளியலறைக் கதவைக்கூட ஒழுங்காகச் சாத்தத் தெரியாதவன் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டுவானா. ஸ்ப்ரே தீர்ந்தது, வாங்கவில்லை. குப்பிகள் வந்தன. தேங்காய் எண்ணெயில் கலந்து கழுத்தில், மார்பில், பாதத்தில். டிஃப்யூசர் என்று ஒரு வெள்ளைக் குடுவை. தண்ணீரில் சொட்டு விட்டு ஸ்விட்சைப் போட்டால் பனி மாதிரி புகை விடும். அதை அப்பாவின் அறையில் வைத்தாள். பகலில் பெரும்பொழுது அங்கேதானே. அப்பாவின் நெஞ்சுக்கும் நல்லது என்று சுகுணா சொன்னாள். வாசனை தெரியாத மூக்குக்கும் புதினாவின் குளிர்ச்சி தெரிந்தது. அதுவே பெரிய ஆறுதல். குளிர்ச்சி தெரிகிறதென்றால் உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அப்பாவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ராகிக் கஞ்சியோடு போய் உட்கார்ந்து தோற்றுத் திரும்பியிருந்தாள். நாச்சிமுத்து வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ரெண்டு வாய்ங்ப்பா, ரெண்டே ரெண்டு." "சரி," என்றார் அவர். வாயைத் திறக்கவில்லை. மூளையில் ரத்தம் கட்டி வலப்பக்கம் செயலிழந்து விழுந்தபோது அவருடைய பேச்சு முழுவதும் போய் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் சரி. கொசு கடித்தாலும் சரி. டி.வி.யை அணைக்கச் சொல்லவும் சரி, ஏன் அணைத்தாய் என்று கோபிக்கவும் சரி. முதலில் அழுகை வந்தது, அப்புறம் அவளுக்கு அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கம் பழகிவிட்டது. நீட்டினால் தண்ணீர், வெட்டினால் கோபம். ஆனால் சமீபமாக ஒரு புதுச் சரி வந்திருந்தது. தாழ்ந்து, மூச்சோடு, ஒன்றன்பின் ஒன்றாக, சரி சரி சரி என்று. படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்யும்போது வரும். தலையணையை நகர்த்தினால் வரும். சம்மதிக்கிறார், ஒத்துழைக்கிறார் என்று அவள் வைத்துக்கொண்டாள். அவர் நெற்றி சுட்டது. மத்தியான வெக்கை. தை மாதத்தில் என்ன வெக்கை? ஜன்னல் சாத்தியிருக்கிறதே, புழுங்கத்தான் செய்யும். பார்த்தீனியம் தூள் வருமென்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து வைத்திருந்தாள்.

ஜன்னல். இந்தச் சொல்லும் ஒரு வாரமாய் விடவில்லை. பிரபாகரனின் மனைவி ரேவதி பொங்கல் லீவுக்கு வந்து, மாமனாரின் அறை வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, ஜன்னலக் கொஞ்சம் தெறந்து வெக்கலாமில்ல?" என்றாள். "எனக்கு அலர்ஜி, தூசி ஆகாது," என்றாள் குணவதி. "இல்லண்ணி, உள்ள ஒரு மாதிரி இருக்கு." "அது லாவண்டர். பழகாதவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும்." ரேவதி புருஷனைப் பார்த்தாள். பிரபாகரன் போனைப் பார்த்தான். சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். நாலு நாள் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள். கைக்குட்டை, இளநீல ஓரம் தைத்த கைக்குட்டை, அதை அவள் எத்தனை முறை நினைத்துப் பார்த்துக் கோபப்பட்டிருப்பாள். மலம் அள்ளுகிறவள் நான், மூத்திரத் துணி மாற்றுகிறவள் நான், ஒரு சொட்டு எண்ணெய் வாசனை பொறுக்காமல் நீ மூக்கைப் பொத்துகிறாய். பெங்களூரில் காருக்குள் தொங்கவிட்டிருக்கிறாயே ஒன்று, அது என்ன. இதை ரேவதியிடம் சொல்லவில்லை. குழம்புக்குப் புளி கரைக்கும்போது சொன்னாள், துணி காயப்போடும்போது சொன்னாள், தூக்கம் வராமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வசனம் கூர்மையாகிக்கொண்டே வந்தது. ஆனால் ரேவதி கெட்டவள் இல்லை. அதுதான் உறுத்தல். மாமனார் விழுந்த புதிதில் வந்து கூசாமல் எல்லாம் செய்தவள். அப்படிப்பட்டவள் ஏன் பொத்தினாள்? லாவண்டருக்கு யாராவது அப்படிப் பொத்துவார்களா? இல்லை, பொத்துவார்கள். சிலருக்குத் தலைவலி வரும். சுகுணாவே சொல்லியிருக்கிறாள். சரி, தண்ணீர் கொதிக்கிறது.

பாத்திரத்தை இறக்கி மேஜையில் வைத்துச் சொட்டுகளை விட்டாள். இன்று நீலகிரித் தைலத்தைக் கூடுதலாக. துண்டைத் தலைமேல் போட்டுக் குனிந்தாள். ஆவி முகத்தில் அறைந்தது. துண்டுக்குள் இருட்டு. இருட்டு வந்ததும் நினைப்பில் பெலவேந்திரன் வந்தான். அப்பாவைக் காலையில் வந்து குளிப்பாட்டி, புரட்டி, முதுகு துடைத்துப் பவுடர் போட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எல்லாம் முடித்துவிட்டுப் போகிறவன். அப்பா அவனிடம் மட்டும்தான் உடம்பைக் கொடுப்பார். மகளிடம் கொடுக்க மாட்டார். பஸ் கண்டக்டராக இருந்தவர், ஊரெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த உடம்பு என்று குளிக்காமல் பிள்ளைகளைத் தொடாதவர். பெரியவளானபின் மகள் முன்னால் சட்டையில்லாமல் நின்றதில்லை. அவள் வேட்டியில் கை வைத்தாலே நல்ல கையால், இடக்கையால், இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தக் கைக்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வரும். பெலவேந்திரன் அம்மா சீரியஸ் என்று மார்கழியில் ஊருக்குப் போனான். அவனுக்குப் பதிலாக வந்தவன் சில நாள் வந்தான், நின்றுவிட்டான். வேறு ஆள் கேட்கலாம். கேட்கவில்லை. நானே பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தாள். போர்வைக்கு அடியில் கையை விட்டு, பார்க்காமலே, முன்பக்கமாகவே துணி மாற்றக் கற்றுக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார், அவள் சுவரைப் பார்த்துக்கொள்வாள். இருவருக்கும் அது ஒரு ஏற்பாடு. போன வாரம் பெலவேந்திரன் ஊரிலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, ஐயாவுக்கு முதுகப் பாத்தீங்களா? நான் கெளம்பும்போதே இடுப்புக்குக் கீழ லேசா செவந்திருந்துச்சு. தெனம் பெரட்டிப் போடணும்."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

பார்த்தாளா? போர்வையை விலக்கினாள். அவர் கை வந்து வேட்டியைப் பிடித்தது. "அப்பா, ஒரே நிமிசம்." "சரி!" அவள் விட்டுவிட்டாள். விட்டபோது என்ன இருந்தது மனதில்? பாவம் என்று இருந்தது. அதற்குக் கீழே? அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் அவள் யாரிடமும், துண்டுக்குள் இருட்டிடம்கூட, ஒத்துக்கொள்ள மாட்டாள். அவரைத் தனியாகப் புரட்ட என்னால் முடியாது, என் இடுப்பு போய்விடும், அவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது, நாளைக்கு எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், எதிர்வீட்டு அண்ணன் முன்னால் அப்பா கூசுவாரே, பெலவேந்திரன்தான் வந்துவிடுவானே. நல்லாத்தான் இருக்கு என்று சொன்னால் நன்றாக இருந்துவிடக்கூடும். விரிப்பில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. கஞ்சி சிந்தியிருக்கும். கஞ்சி முதுகுக்கடியில் எப்படிப் போகும்? போகும், வழிந்து போகும். அவரைப் புரட்டாமலே அடியிலிருந்து உருவி மாற்றித் துவைத்தாள். மறுநாளும் இருந்தது.

ஆவி கண்ணைக் கரித்தது. மூக்கிலிருந்து நீர் கொட்டியது. வாயால் மூச்சு விட்டு, மூக்கால் இழுத்து, மூக்கால் இழுக்க முடியாமல் வாயால் இழுத்து, அவள் கண்ணை மூடிக்கொண்டு பழைய வாசனைகளை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். இது அவள் கண்டுபிடித்த விளையாட்டு. பட்டுச்சேலையின் கஞ்சிப் பசை வாசனை. மழைக்கு முந்தின சாலை. அப்பா வேலை முடிந்து வந்ததும் கழற்றி மாட்டும் தோல்பை. அதைத் திறந்தால் தோலும் சில்லறையும் பலபேர் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து ஒரு துருவாடை வரும், அவள் தலையை அதற்குள் விட்டுக்கொள்வாள், அம்மா திட்டுவாள். நினைவில் பெயர்தான் வந்தது, வாசனை வரவில்லை. இறந்தவர்கள் போட்டோவில் இருப்பது மாதிரி. எனக்கு இனி வராது. இப்படியே போய்ச் சேரவேண்டியதுதான். ஐம்பது வயதில் ஒருத்திக்கு மூக்கு போனால் உலகத்துக்கு என்ன நஷ்டம்.

அப்போது உள்ளே, இடப்பக்கம், கண்ணுக்குக் கீழே எங்கோ, சின்னதாக ஒன்று விட்டுக்கொடுத்தது. அடைத்த குழாயில் காற்று புகுந்த மாதிரி ஒரு விசில். அவள் மூச்சை நிறுத்தினாள். பயமாக இருந்தது. மெதுவாக இழுத்தாள். நீலகிரித் தைலம். குளிர்ச்சி இல்லை, வாசனை, வாசனையேதான். ஊட்டி மலைப்பாதை, மழையில் நனைந்த பட்டை, சளிக்கு அம்மா தலையணையில் தேய்த்த எண்ணெய், எல்லாம் ஒரே சமயத்தில். அவள் துண்டுக்குள்ளேயே அழுதுவிட்டாள். "சுகுணா, நீ நல்லா இருப்படி," என்று வாய்விட்டுச் சொன்னாள். துண்டை வீசிவிட்டு எழுந்து பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். இருந்தது. காப்பித்தூளை முகர்ந்தாள். இருந்தது, லேசாக, ஆனால் இருந்தது. சோப்பு. கறிவேப்பிலையைக் கசக்கி. தன் முழங்கையை, தன் தலைமுடியை. ஆவி பட்ட உடம்போடு சமையலறைக்குள் ஒரு பைத்தியம் மாதிரி சுற்றினாள். யாரிடமாவது சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் சரி என்பார்.

கூடத்துக்கு வந்தபோது நின்றாள்.

முதலில் அது எலி என்று நினைத்தாள். எங்கோ எலி செத்திருக்கிறது. பீரோவுக்குப் பின்னால், அல்லது பரண் மேல். ஜவுளிக்கடைக் குடோனில் ஒருமுறை அப்படிச் செத்து, கட்டு கட்டாய்ச் சேலையைப் புரட்டித் தேடினார்கள். இரண்டு எட்டு வைத்தாள். லாவண்டர் வந்தது. லாவண்டருக்கு அடியில் அது வந்தது. இனிப்பாக, கனத்து, ஈரமாக. லாவண்டரும் அதுவும் கலந்து ஒன்றாகி, எது எது என்று பிரிக்க முடியாமல், மல்லிகை மாலை போட்ட சாவுவீடு மாதிரி. எலிதான். எலியாகத்தான் இருக்க வேண்டும். அவள் பீரோவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். செருப்பு அலமாரியைத் திறந்து பார்த்தாள். கதவு ஒருக்களித்திருந்த அறையைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, அந்தக் கதவைப் பார்க்காமலே, வாடை எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இளநீல ஓரம் தைத்த கைக்குட்டை. உள்ள ஒரு மாதிரி இருக்கு அண்ணி. மூக்கு திரும்ப அடைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நொடி வேண்டினாள். உண்மையாகவே வேண்டினாள், சாமி பேரைச் சொல்லி. அடைக்கவில்லை.

உள்ளே போய் முதலில் டிஃப்யூசரைப் பிடுங்கிப் போட்டாள். ஜன்னல் இடுக்கிலிருந்த துணியை உருவி இரு கதவையும் தள்ளித் திறந்தாள். வெளிச்சத்தில் அப்பாவின் முகம் மெழுகு மாதிரி இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது. "அப்பா, திருப்பப் போறேன்." அவர் இடக்கை வேட்டியைத் தேடியது, பாதி வழியிலேயே விரிப்பின் மேல் விழுந்துவிட்டது. அந்தக் கைக்குப் பலமில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட அவளைக் கலக்கியது. என் அப்பா என்னைத் தடுக்கவில்லை. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இல்லை, மூச்சைப் பிடிக்கக் கூடாது, இனிமேல் பிடிக்கக் கூடாது, இழுத்துக்கொண்டே தூக்கினாள். முடியாது என்று நினைத்திருந்தாளே, முடிந்தது. அவ்வளவு லேசாக இருந்தார். சரி சரி சரி என்றார், தாழ்ந்து, மூச்சோடு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதல் தடவையாகச் சரியாகக் கேட்டது. விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தாள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் அவள் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. கறுப்பாக ஓரம், உள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று மனது சொல்லிற்று, வேறு ஏதோ என்றும் சொல்லிற்று. அவள் கத்தவில்லை. "ஐயோ, இதோடயா படுத்திருந்தீங்க," என்று மட்டும், ரொம்பச் சாதாரணமான குரலில், யாரோ பக்கத்தில் இருப்பது மாதிரிச் சொன்னாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். எதிர்வீட்டு அண்ணன் வந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு கை பிடித்தார். அறைக்குள் வந்ததும் அவருடைய முகம் ஒரு கணம் சுருங்கிப் பிறகு நேரானது. அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும்போலிருக்கிறது என்று குணவதிக்குத் தோன்றியது. வண்டிக்குள்ளிருந்து பிரபாகரனைப் போனில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "ரேவதி அன்னிக்கே சொன்னா அக்கா. உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு நான்தான் பேசாம இருக்கச் சொன்னேன்," என்றான். அவனை எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் கஷ்டப்படுத்தாமல் இருந்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ரத்தத்துல எறங்கியிருக்கும்போல இருக்கும்மா. பி.பி. ரொம்பக் கம்மி. உள்ள செத்த சதையெல்லாம் உடனே எடுக்கணும். எடுத்தாலும் இந்த வயசுல..." என்று நிறுத்தி, "எத்தனை நாளா வாடை வருது?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு மத்தியானத்துல இருந்துங்க."

டாக்டர் பேனாவை எடுத்தவள் எழுதாமல் அவளைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில், களைப்புதான் இருந்தது. பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவளின் களைப்பு. "வாரக்கணக்கா நாறியிருக்கும்மா. வீட்ல ஒருத்தருக்குமா தெரியல?" எனக்கு மூக்கு அடைத்திருந்தது, சதை வளர்ந்திருக்கிறது, டாக்டர் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்று குணவதியின் நாக்கு நுனிவரை வந்தது. உண்மைதான். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் கண் அடைத்திருக்கவில்லை. கை அடைத்திருக்கவில்லை. விரிப்பைத் துவைத்த கை. அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் தட்டும் கத்தரியும் வந்தன. மயக்கம் கொடுத்தால் தாங்க மாட்டார், மரத்துப்போக மட்டும் ஊசி போட்டுச் செய்வோம், பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நர்ஸ் வார்டுபாயைத் தேடி எட்டிப் பார்த்தாள். குணவதி கட்டிலைச் சுற்றி வந்து அப்பாவின் தோளை அணைத்துப் பிடித்தாள். "நீங்க வெளிய இருங்கம்மா, கழுவும்போது வாடை இன்னும் அதிகமாகும், தாங்க மாட்டீங்க," என்றாள் நர்ஸ். ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினாள். குணவதி அதை வாங்கவில்லை. ஊசி இறங்கியது. நாச்சிமுத்து மகளின் தோளில் நெற்றியை முட்டி ஒரு சத்தம் போட்டார். இதுவரை அவரிடமிருந்து கேட்காத சத்தம், சொல்லே இல்லாதது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருடைய முதுகுக்கு மேலாகத் தலையை நீட்டி, கத்தரி போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, மூக்கால் மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள்.